16 பிக்சல் கீற்றுகள்

2025 டிசம்பர் 9, செவ்வாய்

இரவு 11 மணிக்குத் திரை விழித்தது. மூன்று மாத வேலை. கிராபிக்ஸ் வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றும்போதெல்லாம், இயங்குதளத்தின் மையமான கெர்னல் குப்புற விழும். பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்குவேன். இன்று விழவில்லை. திரை ஒருமுறை துடித்து, எழுத்துகள் 1366-க்கு 768 அளவில் பொடிப்பொடியாக வந்து நின்றன. கூடவே கீற்றுகளும் வந்தன. அவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

இது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினி. செலரான் என்3350 சிப். அதில் லினக்ஸைப் போன்ற இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி, லினக்ஸின் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரான ஐ915-இன் புதிய பதிப்பை அதற்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். ஏற்கெனவே இருக்கும் பதிப்பு நன்றாகத்தான் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்வதற்காகவே இந்த வீண்வேலை.

டிரைவரை யாரும் புதிதாக எழுதுவதில்லை. லினக்ஸில் இருப்பதைக் கூடுமானவரை அப்படியே எடுத்து, அதன் காலடியில் 'இதுவும் லினக்ஸ்தான்' என்று நம்பவைக்கும் ஓர் அடுக்கை விரிக்கிறோம். அதன் பெயர் லினக்ஸ்கேபிஐ. முதலில் இன்ஃபினிபேண்ட் வலையமைப்பு டிரைவர்களைக் கொண்டுவரவே அது பிறந்தது. கிராபிக்ஸ் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் கெர்னல் மொத்தமும் கட்டுப்பாடு மிகுந்த ஜிபிஎல் உரிமத்தில் இருந்தாலும், கிராபிக்ஸ் பகுதியின் பெரும்பாலான கோப்புகள் யாரும் எளிதாக எடுத்தாளக்கூடிய எம்ஐடி உரிமத்தில் இருக்கின்றன. அந்தப் புண்ணியத்தில்தான் ஃப்ரீபிஎஸ்டியின் உறவுகளான ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எல்லாம் இந்தக் கிணற்றிலேயே நீர் இறைக்கின்றன.

டிசம்பர் 11, வியாழன்

கீற்றுகள் போகவில்லை. எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கிடைக்கோடுகள். பழைய படத்தின் துணுக்குகள், யாரோ பிளேடால் கீறிவிட்டதைப் போல. சில நொடிகள் இருந்துவிட்டுத் தானாக மறைகின்றன. வேறிடத்தில் முளைக்கின்றன.

கணினியிலேயே திரையை ஸ்கிரீன்ஷாட்டாகப் படமெடுத்துச் சேமித்துப் பார்த்தேன். படம் சுத்தமாக இருக்கிறது! கண்ணுக்குத் தெரியும் கீற்று கோப்பில் இல்லை. அப்படியானால் நிரல் சரி, திரைக்குப் போகும் கேபிள்தான் பழுது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

டிசம்பர் 13, சனி

மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயில், சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடை. ரிச்சி தெருவுக்குப் பின்னே ஒரு மாடிப்படியின் அடியில், போர்டு பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மேசை முழுக்க திருகாணி டப்பாக்கள், கண்ணில் நகைக்கடைக்காரரின் பூதக்கண்ணாடி. கேபிள் மாற்ற வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லாமல் தன்னுடைய மானிட்டரை எடுத்து எச்டிஎம்ஐ வழியாக என் கணினியில் செருகினார். அதிலும் கீற்றுகள்.

"கேபிள் இல்லை தம்பி. கேபிள் கெட்டால் கோடு மேலிருந்து கீழே வரும், அல்லது நிறம் மாறும். இது உள்ளே இருந்து வருகிறது" என்றார்.

பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கித் திரையின் மேல் வைத்தேன். ஒரு கீற்றை எண்ணினேன். 16 பிக்சல். இன்னொன்று, 16. மூன்றாவது 32, ஒட்டிப் பிறந்த இரட்டை. எல்லாவற்றுக்கும் உயரம் ஒரே ஒரு பிக்சல்.

பணம் வாங்க மறுத்துவிட்டார். கூச்சத்தில், தேவையே இல்லாத அந்தக் கேபிளை 350 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒரு பிக்சலுக்கு 4 பைட். 16 பிக்சலுக்கு 64 பைட். சிப்பின் கேச், அதாவது அதற்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகம், ஒரு நேரத்தில் கையாளும் துண்டு அதே 64 பைட். ரயிலிலேயே இந்தக் கணக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் கேபிளைத் தடவிக்கொண்டு வந்தேன்.

மளிகைக் கடையில் சிட்டை, பேரேடு என்று இரண்டு இருக்கும். அன்றாட வரவு செலவு முதலில் சிட்டையில் ஏறும். பேரேட்டுக்குப் பிறகுதான் போகும். கேச் சிட்டை, நினைவகம் பேரேடு. திரையை வரையும் வன்பொருள் பேரேட்டை மட்டுமே படிக்கிறது. சிட்டையிலேயே தங்கிவிட்ட வரிகளின் இடத்தில் அதற்குப் பழைய கணக்குதான் தெரியும். அதுதான் கீற்று. நான் எடுத்த படம் சிட்டையைப் பார்த்து எழுதியது, அதனால்தான் சுத்தம்.

சரிபார்க்க ஒரு பெரிய கம்பைல் வேலையை ஓடவிட்டேன். கீற்றுகள் முளைத்த வேகத்தில் காணாமல் போயின. புது வரிகள் நெருக்க நெருக்க, பழைய வரிகள் பேரேட்டுக்குத் தள்ளப்படுகின்றன. கணினி சும்மா இருக்கும்போதுதான் திரை அழுக்காக இருக்கிறது. இதைக் கண்டதில் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அம்மா அதைப் பற்றித் தனியாக ஒரு கருத்து சொன்னார்.

அலுவலகக் கணினியில் இதே டிரைவர் ஒழுங்காக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதன் கோர் ஐ5 சிப்பில் கடைசி அடுக்குக் கேச்சை சிபியுவும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தச் செலரானில் அந்த வசதி இல்லை. டிரைவரே நினைவுபடுத்திச் சிட்டையைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

ஏற்றும்படி டிரைவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்காதது லினக்ஸ்கேபிஐ அடுக்கில் நான் சேர்த்த பகுதி.

லினக்ஸில் கேச்சைத் துப்புரவாக்கும், அதாவது சிட்டையைப் பேரேட்டில் ஏற்றும், அழைப்புக்கு இணையாக, அக்டோபரில் ஃப்ரீபிஎஸ்டியின் 'பிமேப் இன்வாலிடேட் கேச் ரேஞ்ச்' என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தேன். பெயரைப் பார்த்தே போட்டேன். இன்றுதான் உள்ளே திறந்து படித்தேன். சிப் தன் கேச்சைத் தானே வேவு பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தால், அதாவது 'செல்ஃப் ஸ்நூப்' கொடி இருந்தால், அந்த ஃபங்ஷன் எதையும் துடைக்காமல் திரும்பிவிடுகிறது. அதன் பார்வையில் அது நியாயம்: நினைவகத்தின் ஒரு பகுதியைக் கேச் நடத்தும் விதத்தை மாற்றும்போது சிபியுவுக்குள் குழப்பம் வராது, பின் எதற்கு வீண்செலவு? பக்கத்தில் ஒரு திரை வன்பொருள் பேரேட்டைப் படித்துக்கொண்டிருப்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கட்டாயம் துடைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்காக 'ஃபோர்ஸ்' என்ற சொல்லோடு இன்னொரு ஃபங்ஷன் தனியாக இருக்கிறது.

நினைவகம் கேட்பதில் இந்தச் சிக்கல் இல்லை. லினக்ஸின் 'ஜிஎஃப்பி கெர்னல்' இங்கே 'எம் வெயிட்ஓகே' ஆகிறது. காத்திருக்கத் தயார் என்பதே இரண்டுக்கும் பொருள். அப்படி நாலைந்து சொற்கள் நேராகப் பொருந்திவிட்டதில் எனக்குத் துணிச்சல் வந்து, படிப்பதையே நிறுத்தியிருக்கிறேன்.

'ஃபோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தேன். ஒரே ஒரு சொல். இரவு 1:40. கீற்று இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

அக்டோபரில் இதேபோல் பெயர் பார்த்துப் பொருத்திய மற்ற 31 ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறேன். ஒன்பது முடிந்தன, இரண்டு தவறு. அவற்றில் ஒன்று வெறும் ஓடு: உள்ளே எதுவுமில்லை, 'வெற்றி' என்று மட்டும் திருப்பி அனுப்புகிறது. 'பிறகு எழுதவும்' என்று என் கையாலேயே குறிப்பும் இருக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கேபிளைப் பிரிக்காமல் வைத்திருந்தால் கொண்டுவாருங்கள், அந்த மாடலுக்கு ஆள் வந்திருக்கிறார்" என்றார்.