சூளைமேட்டு வீடும் என் சம்பளச் சீட்டும்

2013-இல் நர்சிங் முடித்துச் சென்னைக்கு வந்தபோது என் சம்பளம் 9,000 ரூபாய். சூளைமேட்டில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மூவருக்குப் பகல் டூட்டி, மூவருக்கு இரவு. காலையில் வந்து நான் படுக்கும்போது, எழுந்து போனவளின் சூடு பாயில் இருக்கும். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்; ஒருத்தியின் வளையல் அடகுக்குப் போனது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு உடன்பாட்டில்’தான் சென்னை வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

கல்யாணம், குழந்தை, பிறகு கூடுவாஞ்சேரி. அங்கிருந்து மருத்துவமனை இருக்கும் நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரம். ஏழரைக்கு ஹேண்ட்ஓவர், அதாவது இரவு டூட்டிக்காரியிடமிருந்து பொறுப்பை வாங்குவது, என்றால் ஐந்தரைக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். மகள் தூங்கும்போது கிளம்புகிறேன். பல நாள் தூங்கிய பிறகே திரும்புகிறேன்.

இப்போது சம்பளம் 24,000. அதில் வீட்டு வாடகைப் படி 2,400. மருத்துவமனை இருக்கும் தெருவில் அதற்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒருநாள் டிஸ்சார்ஜ் பில் ஒன்றைச் சரிபார்த்தேன். நர்சிங் கட்டணம், நாளொன்றுக்கு 800 ரூபாய். என் ஒரு நாள் சம்பளமும் அதுதான். அன்று என் பொறுப்பில் ஏழு படுக்கைகள். எனக்கு ஒரு படுக்கையின் கட்டணம், இரவு வருபவளுக்கு ஒன்று, கையுறைக்கும் பஞ்சுக்கும் ஒன்று என்று தாராளமாகவே கழித்துப் பார்த்தேன். மீதி நான்கு யாருடையவை?

2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 100 படுக்கையைத் தாண்டினால் அரசு செவிலியரின் சம்பளத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றது. எங்களிடம் 150 படுக்கைகள். கேட்கப் போனோம். “அது பரிந்துரைதான் சிஸ்டர், சட்டம் இல்லையே” என்று மேலாளர் காபி வரவழைத்தார். காபி நன்றாகவே இருந்தது.

போன மாதம் சேர்ந்த தென்காசிப் பெண், “அக்கா, பக்கத்தில் எங்காவது தங்க இடம் இருக்கிறதா?” என்று கேட்டாள். பழைய சூளைமேட்டு வீட்டுக்காரரின் எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் வந்து சொன்னாள்: அதே வீடு, இப்போது எட்டுப் பேர்.