பியரோ தாருஃபி: பந்தயத்தை வேலையாகச் செய்தவர்

வாகனச் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் பழைய பந்தய ஓட்டுநர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஃபாஞ்சியோ, அஸ்காரி ஆகிய பெயர்களே முதலில் வரும். நான் ரோம் நகரத்தவரான பியரோ தாருஃபியின் பெயரைச் சொல்வேன். அவர் மற்ற இருவரையும் விட வேகமானவர் என்பதால் அல்ல. வண்டியைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப ஓட்டுவது என்னும் எங்கள் அன்றாட வேலையைப் பந்தயக் களத்திலேயே செய்துகாட்டிய பொறியாளர் அவர்.

1906இல் பிறந்த தாருஃபி, பொறியியல் படித்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் தொடங்கியவர். நான்கு சிலிண்டர்களும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜரும் கொண்ட ரோந்தினே என்னும் 500 சிசி மோட்டார் சைக்கிளின் வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டார். அந்த வண்டி ஜிலேரா நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 1937இல் அதைத் தானே ஓட்டி மணிக்கு 274 கிலோமீட்டர் வேகத்தில் உலகச் சாதனை படைத்தார். ஒரு வண்டியை உருவாக்குவதிலும் பங்கெடுத்து, அதன் எல்லை எதுவென்று தன் உடலைப் பணயம் வைத்து அளந்தும் பார்த்தவர்கள் எந்தக் காலத்திலும் மிகச் சிலரே. போருக்குப் பின், இரண்டு நீண்ட குண்டுகளை அருகருகே வைத்து இணைத்தது போன்ற ஒரு விசித்திர வாகனத்தையும் வடிவமைத்தார். ஒரு பக்கத்தில் ஓட்டுநர், மறுபக்கத்தில் எஞ்சின். அதன் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் காற்றின் தடையைக் குறைப்பதற்கு அவர் கண்ட வழி அது; அதைக் கொண்டும் பல வேகச் சாதனைகள் படைத்தார்.

கார் பந்தயங்களில் அவருக்குப் பெரிய வெற்றிகள் வந்தபோது அவருடைய தலை நரைத்திருந்தது. வெள்ளி நரி என்று பட்டப்பெயரே இருந்தது. 1951இல் லூயிஜி கினெத்தியுடன் ஃபெராரியில் மெக்சிகோவின் நெடுந்தொலைவுப் பந்தயமான கரேரா பானமெரிக்கானாவை வென்றார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து கிராண்ட் பிரிக்ஸை வென்று, உலகச் சாம்பியன் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தார். 1954இல் லான்சியா காரில், சிசிலித் தீவின் சாலைப் பந்தயமான டார்கா ஃப்ளோரியோவையும் வென்றார். ஆனால் பிரெஷாவில் தொடங்கி ரோம் சென்று பிரெஷாவுக்கே திரும்பும், சுமார் 1,600 கிலோமீட்டர் பொதுச்சாலைப் பந்தயமான மில்லே மிலியா மட்டும், போருக்கு முன்பிருந்தே பல முறை முயன்றும் அவருக்குக் கிட்டவில்லை. அதை ஒரு முறை வென்றுவிட்டால் ஓய்வு பெறுவதாக மனைவி இசபெல்லாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

1957 மே 12 அன்று, ஐம்பது வயதில், ஃபெராரி அணியில் அவர் புறப்பட்டார். கார்களின் எண்ணே புறப்படும் நேரத்தைக் குறிக்கும் பந்தயம் அது. அவருடைய எண் 535, அதாவது காலை 5.35. அன்று பலரை வீழ்த்தியது எதிராளிகளின் வேகமல்ல, உலோகம்தான். ஸ்டெர்லிங் மாஸின் மசராட்டி, புறப்பட்ட சில கிலோமீட்டர்களிலேயே பிரேக் பெடல் முறிந்து வெளியேறியது. முன்னணியில் இருந்த பீட்டர் காலின்ஸின் கார், பார்மா அருகே பின் ஆக்சில் பழுதாகி நின்றது. தாருஃபியின் காரிலும், எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு பழுதாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதை இழுத்துப் பிடித்து 10 மணி 27 நிமிடத்தில் பிரெஷாவை அடைந்தார். சுமார் மூன்று நிமிட வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்த அதே அணியின் இளைஞர் வுல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸ், மூத்தவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று பலரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆயினும் பின் ஆக்சிலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் இரையும் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, எவ்வளவு விசையை எந்த இடத்தில் கொடுக்கலாம் என்று கணித்தே மீதித் தூரத்தைக் கடப்பது எத்தகைய வேலை என்று தெரியும். சோதனைப் பிரிவில் ஒரு ஓட்டுநரை நான் மதிப்பிடுவது அவர் எட்டும் உச்ச வேகத்தைக் கொண்டல்ல. நலிந்த பாகத்தை உடைக்காமல் திரும்பக் கொண்டுவருகிறாரா என்பதைக் கொண்டுதான்.

அதே நாளில், முடிவுக்கோட்டை நெருங்கும் தொலைவில், குயிதித்சோலோ கிராமத்தருகே அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும், உடன் சென்ற எட்மண்ட் நெல்சனும், சாலையோரம் நின்ற ஒன்பது பார்வையாளர்களும் இறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஐவர் குழந்தைகள். பழைய வடிவிலான மில்லே மிலியா அத்துடன் முடிந்தது. ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மீது வழக்குத் தொடரப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே அவர் விடுவிக்கப்பட்டார்.

தாருஃபி கொடுத்த வாக்கைக் காத்து ஓய்வு பெற்றார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் வென்ற அதே ஆண்டிலேயே, அமெரிக்க வார இதழ் ஒன்றில், மக்கள் நிற்கும் திறந்த சாலைகளில் நடக்கும் பந்தயங்களின் ஆபத்தை எதிர்த்து எழுதினார். தோற்றவர் எழுதியிருந்தால் பொறாமை என்று சொல்லிவிடலாம். வென்றவர் எழுதியபோது தட்டிக்கழிப்பது எளிதாக இருந்திருக்காது. பிறகு பந்தய ஓட்டும் நுட்பத்தை வளைவுகளின் ஆரம், டயரின் பிடிப்பு, வேகம் என்று கணக்குகளோடும் வரைபடங்களோடும் விளக்கி நூலாக எழுதினார். ரோமுக்கு வடக்கே உள்ள வல்லேலுங்கா பந்தயத் தடத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. 1988இல் அவர் மறைந்தார், அந்தத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.