நாற்பது விநாடியில் ஓர் ஆட்டம்: டாலஸ் பக்கம் குடிவந்தவர்களுக்கு ஃபுட்பால்

ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் வேலைக்கு வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்தில் விசாரிப்பது கோயில், மளிகைக் கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். செப்டம்பர் பிறந்துவிட்டால் இன்னொன்றும் வந்து சேர்ந்துகொள்ளும். ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்கும். திங்கள் காலை மீட்டிங் தொடங்குமுன் ஐந்து நிமிடம் உள்ளூர் அணியான டாலஸ் கௌபாய்ஸ் பற்றிய பேச்சுத்தான். இங்கே ஃபுட்பால் என்றால் இதுதான். நாம் கால்பந்து என்று சொல்வதற்கு இந்த ஊரில் சாக்கர் என்று பெயர்.

முதல் தடவை பார்க்கும் எல்லோருக்கும் ஒரே சலிப்பு வரும்: "அஞ்சு செகண்ட் ஓடுறாங்க, அரை நிமிஷம் நிக்கிறாங்க." கணக்குப்படி அது சரிதான். மூன்று மணிநேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது பத்துப் பதினொரு நிமிடம். ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போக நியாயமே இல்லை. பவுலர் திரும்பி நடக்கும்போது கேப்டன் ஒரு ஆளை ஸ்லிப்பிலிருந்து எடுத்துப் பாயின்ட்டில் நிறுத்துகிறார். அடுத்த பந்து எப்படி வரும் என்று நாம் அதை வைத்துத்தானே ஊகிப்போம்? இந்த ஆட்டமும் அப்படித்தான். சாக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கிரிக்கெட் கண்ணோடு பாருங்கள், பிடிபட்டுவிடும்.

பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டே எண்கள். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி முதல் டவுன், புதிதாக நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. திரையின் அடியில் எப்போதும் இந்தக் கணக்குத்தான் ஓடும்: எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு. மூன்றாவது டவுன், ஒரு யார்டு என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடப் பார்ப்பார்கள். மூன்றாவது டவுன், ஒன்பது யார்டு என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக எறிவார்கள். அது எதிரணிக்கும் தெரியும், அதனால் பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கை நோக்கி ஆள் பாயும். முதல் டவுனில் நாலைந்து யார்டு கிடைத்தால் ஏன் கைதட்டுகிறார்கள் என்பது இங்கேதான் விளங்கும். அடுத்த டவுனில் ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். எதிரணி ஒன்றை மட்டும் எதிர்பார்த்து நிற்க முடியாது.

நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடுவார்கள். அது பன்ட். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் பந்தை அதற்கு நடுவே உதைக்கப் பார்ப்பார்கள். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, இரண்டு யார்டு தள்ளி நின்று மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் 2. தன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2.

ஃபீல்டு கோல் தூரத்தில் பலர் குழம்புவார்கள். பந்து 40 யார்டு கோட்டில் இருக்கிறது, வர்ணனையாளர் 57 யார்டு என்கிறார். கம்பம் எல்லைக்கோட்டுக்கு அப்பால் 10 யார்டு தள்ளி நிற்கிறது. உதைப்பவருக்காகப் பந்தை 7 யார்டு பின்னால் பிடிக்கிறார்கள். ஆகவே கோட்டு எண்ணோடு 17 கூட்டினால் உதைக்கும் தூரம். கௌபாய்ஸ் உதைப்பவர் பிராண்டன் ஆப்ரி 2024இல் பால்டிமோருக்கு எதிராக 65 யார்டு அடித்தார். பந்து எதிரணியின் 48இல்தான் இருந்தது, அதாவது மைதானத்தின் நட்டநடுவே. இந்த ஆப்ரி கல்லூரியில் சாக்கர் ஆடியவர். அது கைகூடாமல் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு உதைக்கப் பழகி 2023இல் இந்த அணிக்கு வந்தார். ஃபிரிஸ்கோவில் குடியிருக்கும் நம்மவர்களில் பாதிப்பேரின் தொழிலை விட்டு வந்தவர் என்பதால் அவர்மேல் தனிப் பிரியம் வருவதில் வியப்பில்லை.

இனி அந்த நாற்பது விநாடிக்கு வருவோம். ஒரு டவுன் ஆடி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. தாண்டினால் 5 யார்டு தண்டனை. இந்த நேரத்தில் பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் திட்டத்தைச் சொல்கிறார். ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே ரேடியோ உண்டு என்று பொருள். தடுக்கும் அணியிலும் ஒருவருக்கு அது இருக்கும். கடிகாரம் 15 விநாடிக்கு வந்ததும் இணைப்பு அறுந்துவிடும். அதன்பின் பயிற்சியாளர் குரல் கிடையாது, குவார்ட்டர்பேக் தன் கண்ணை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அவர் பார்ப்பதையே நீங்களும் பாருங்கள். தடுக்கும் அணியில் கடைசி வரிசையில் ஆழமாக நிற்பவர்கள் ஒருவரா, இருவரா? இருவர் என்றால் முன்னால் ஆள் குறைவு, ஓட வசதி. ஒருவர்தான் என்றால் முன்னால் கூட்டம், ஓடுவது கடினம், ஓரங்களில் எறியலாம். பிறகு ஒரு ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குறுக்கே ஓடுவார். வேடிக்கைக்காக அல்ல. அவர் கூடவே எதிரணியில் ஒருவர் ஓடிவந்தால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் இடத்தைக் காக்கிறார்கள். ஒரு ஞாயிறு முழுக்க இந்த இரண்டை மட்டும் கவனித்துப் பாருங்கள், வர்ணனையாளர் சொல்லுமுன் நீங்கள் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

மஞ்சள் கொடி விழுந்தால் பதற வேண்டாம். பந்து கிளம்புமுன் தாக்கும் அணியில் யாராவது அசைந்தால் 5 யார்டு. எதிராளியைப் பிடித்து இழுத்து நிறுத்தினால், அதைத் தாக்கும் அணி செய்தால், 10 யார்டு. குவார்ட்டர்பேக் எறிந்து முடித்தபின் அவரைச் சாய்த்தால் 15. எல்லாவற்றிலும் கொடியது, எறிந்த பந்து வருமுன் ரிசீவரை இடித்துத் தடுப்பது: தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், முதல் டவுனும் கொடுப்பார்கள். நாற்பது யார்டு தள்ளி நடந்தால் நாற்பது யார்டும் போச்சு.

கடிகாரம் எப்போது நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்பதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் நிற்கும். ஆள் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் நிற்கும், ஆனால் கடைசி நிமிடங்கள் தவிர மற்ற நேரத்தில் நடுவர் கை காட்டியதும் மறுபடி ஓடத் தொடங்கும். ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு மூன்று டைம்-அவுட். முன்னிலையில் இருக்கும் அணி வெறுமனே முட்டி முட்டி ஓடுவதும், பின்தங்கிய அணி ஓரமாகவே எறிவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு டாலஸ்காரர்கள் இன்னும் மறக்காத ஓர் ஆட்டம் உண்டு. 2022 ஜனவரி 16, ஆர்லிங்டனில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். 23-17 எனப் பின்தங்கியிருக்கிறார்கள். பந்து எதிரணியின் 41இல், மீதி 14 விநாடி, டைம்-அவுட் ஒன்றுகூட இல்லை. குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் நடுவே புகுந்து 17 யார்டு ஓடி, 24இல் சறுக்கி அமர்ந்தார். நடுவில் விழுந்ததால் கடிகாரம் ஓடுகிறது. உடனே வரிசையில் நின்று பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தி, மிச்ச விநாடிகளில் ஒரு தடவை எறிவதுதான் திட்டம். அவர் பந்தை ஓடிவந்து, ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தரும் தன் சென்டர் கையில் கொடுத்தார். பிழை அங்கேதான். அம்பயர் பந்தைத் தொட்டு இடத்தில் வைக்காமல் ஆட்டம் தொடங்க முடியாது. அம்பயர் பின்னாலிருந்து ஓடிவந்து, ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, பந்தைச் சரியாக வைத்தார். பிரெஸ்காட் பந்தைத் தரையில் அடித்தபோது கடிகாரத்தில் பூச்சியம். பருவமே முடிந்தது. பந்தைக் கையோடு நடுவரிடம் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பது வெறும் மரியாதைக்காக அல்ல.

அலுவலகத்தில் இன்னொன்றும் காதில் விழும்: "டெஸ் காட் இட்", டெஸ் பிடித்துவிட்டார் என்று. 2015 ஜனவரி 11, கிரீன் பே. நான்காவது டவுன், இரண்டு யார்டு. டெஸ் பிரையன்ட் எகிறிப் பந்தைப் பிடித்து, எல்லைக்கு ஒரு யார்டு முன்னால் விழுந்தார். பிடித்தார் என்று முதலில் சொன்னவர்கள், எதிரணி மறுபரிசீலனை கேட்டபின் இல்லை என்றார்கள். விழும்போது பந்து தரையில் பட்டு அசைந்தது. தரையில் விழுந்து முடியும்வரை பந்து அசையக்கூடாது என்பது அன்றைய விதி. கௌபாய்ஸ் 26-21 எனத் தோற்றது. 2018இல் அந்த விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது பந்து கைவசம் இருந்து, இரண்டு கால் உள்ளே பட்டு, ஓர் அடி எடுத்து வைப்பது போன்ற அசைவு இருந்தால் போதும். அன்றைக்கே அது கேட்ச்சாக இருந்திருக்க வேண்டும் என்பதில் இந்த ஊரில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. எங்கள் கருத்தும் அதுவே.

வீட்டில் பார்க்கப் பெரிய சந்தா தேவையில்லை. கௌபாய்ஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் ஃபாக்ஸ் 4, சிபிஎஸ் 11, என்பிசி 5, ஏபிசி 8 ஆகிய உள்ளூர்ச் சேனல்களில் காற்றுவழி இலவசமாக வரும். ஓர் ஆன்டெனா போதும். இந்தப் பகுதியின் ஒளிபரப்புக் கோபுரங்கள் டாலஸுக்குத் தென்மேற்கே சீடர் ஹில்லில் இருக்கின்றன. ஃபிரிஸ்கோவில் வடக்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டினால் படம் சதுரம் சதுரமாக உடையும். தெற்கு ஜன்னலில், முடிந்தால் மாடியில் வையுங்கள். மற்ற மூன்றும் வந்து 8 மட்டும் வரவில்லை என்றால் டிவியில் கோளாறு இல்லை. அந்தச் சேனல் வி.எச்.எஃப் அலைவரிசையில் வருகிறது, தட்டையான சின்ன ஆன்டெனாக்களுக்கு அது சரியாக எட்டாது. நீளக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். யூடியூபின் சண்டே டிக்கெட்டைக் கௌபாய்ஸுக்காக வாங்கி ஏமாற வேண்டாம். அது வெளியூர் ஆட்டங்களுக்கானது, உள்ளூர்ச் சேனலில் வரும் ஆட்டம் அதில் வராது. ஞாயிறு ஆட்டங்கள் நம் நேரப்படி பகல் 12 மணிக்கும், மூன்று மணிக்குச் சற்றுப் பின்னும் தொடங்கும். தேங்ஸ்கிவிங் வியாழனன்று மாலையில் டாலஸில் ஆட்டம் உண்டு. 1966இல் தொடங்கிய வழக்கம், இரண்டு ஆண்டுகள் தவிர விட்டதில்லை. அன்று யாராவது சாப்பிட அழைத்தால் அந்த நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்லிங்டன் ஸ்டேடியத்துக்குப் போவதென்றால், ரயிலில் இறங்கி நடந்து போகும் இடமல்ல அது. பார்க்கிங்கை டிக்கெட்டோடு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பை ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மேல் கூடாது. கைக்குழந்தை இருந்தால் டயப்பர் பையும் இதற்கு விலக்கல்ல, சாமான்களை ஒளிபுகும் பைக்கு மாற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பிக் காருக்கு நடப்பவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். பிற்பகல் ஆட்டமென்றால் மேற்குக் கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே விழும். ஆட்டக்காரர்களே அதில் பந்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். மேற்குப் பார்த்து உட்காருபவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

பிள்ளைகள் ஆடலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தலையில் அடிபடுவது இந்த ஆட்டத்தின் உண்மையான ஆபத்து, அதை யாரும் மழுப்பக்கூடாது. டெக்சஸில் 2011இல் வந்த சட்டப்படி, தலையில் அதிர்ச்சி ஏற்பட்டதோ என்று சந்தேகம் வந்தாலே பள்ளி மாணவரை வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்கு மறுபடி இறக்கக்கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தபின்தான் திரும்ப முடியும். சின்ன வயதில் ஃபிளாக் ஃபுட்பால் நல்ல வழி. ஆளைச் சாய்ப்பதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவ வேண்டும், அவ்வளவே. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதுவும் கிரிக்கெட்டும் சேர்ந்தே நுழைகின்றன. அந்த முடிவு எடுக்கப்பட்டது மும்பையில் நடந்த கூட்டத்தில்.

நேரில் பார்க்கும் முதல் ஆட்டம் பள்ளிக்கூட ஆட்டமாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை, குறைந்த டிக்கெட், பக்கத்து ஊர். ஆலன் பள்ளி மைதானத்தில் 18,000 பேர் உட்காரலாம். ஃபிரிஸ்கோ பள்ளிகள் சில ஆட்டங்களைக் கௌபாய்ஸ் பயிற்சி எடுக்கும் உள்ளரங்கிலேயே ஆடுகின்றன. பள்ளி பேண்டில் வாசிக்கும் நம் பிள்ளைகள் நிறைய, ஆகவே எப்படியும் போகத்தான் போகிறீர்கள். எட்ட வேண்டிய இடத்தை டிவி திரையில் காட்டும் மஞ்சள் கோடு அங்கே இருக்காது. ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கம்பம் இரண்டு, நடுவே பத்து யார்டுச் சங்கிலி: பின் கம்பம் முதல் டவுன் தொடங்கிய இடம், முன் கம்பம் எட்ட வேண்டிய இடம். அருகே தனியாக ஒருவர் எண் எழுதிய கம்பத்தைப் பிடித்தபடி பந்தோடு நகர்ந்துகொண்டிருப்பார். அந்த எண் 3 என்றும், அவருக்கும் முன் கம்பத்துக்கும் இடைவெளி அதிகம் என்றும் தெரிந்தால் கண்ணைக் குவார்ட்டர்பேக் மீது வையுங்கள். எறியப் போகிறார்.