பொன்னியாக்கியார் வாசலில்

ஆற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, விளாப்பாக்கத்துப் பக்கம் பஞ்சபாண்டவர் மலைக்குப் போக வேண்டும் என்றேன். "வெறும் பாறைதானே சார், அங்கே என்ன இருக்கிறது?" என்றார் ஆட்டோக்காரர். கேட்டாரே தவிர, கொண்டுபோய் விட்டார்.

கிழக்குப் பக்கம் குடைந்து பாதியில் விட்ட மண்டபம். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைத் தூண்கள், பின்னால் ஏழு அறைகள். பாண்டவர் ஐவர், அறைகள் ஏழு. இந்தக் கணக்கை ஊரில் யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

நான் தேடி வந்தது இதுவல்ல, இயற்கைக் குகை. உள்ளே சுனை, வாசல் பாறையில் பொன்னியாக்கியார் என்ற இயக்கி, சமணரின் பெண் தெய்வம். 'நந்திப்போத்தரசர்க்கு ஐம்பதாவது' என்று பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் கல்வெட்டு, புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் இந்தப் படிமத்தைச் செதுக்குவித்ததாகச் சொல்கிறது. எழுத்தின்மேல் விரல் வைக்கப் போனவன், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். சற்றுத் தள்ளி, சுண்ணாம்பில் ஓர் இதயம்; அதற்குள் இரண்டு பெயர்கள். அந்தக் காதலர்களுக்குக் கை கூசவில்லை.

இதைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் 'குகை' என்ற சொல்லைப் போட்டே தொல்சின்னங்களில் சேர்த்திருக்கிறது. வரலாற்று, தொல்லியல் அல்லது கலை மதிப்பும் 100 ஆண்டு வயதும் இருந்தால் போதும். பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-இல் தண்டனையைக் கூட்டினார்கள்.

ஆனால் சிற்பமும் எழுத்தும் இல்லாத ஒரு குகை என்றால்? அதன் சுனைக்கும் இருட்டுக்கும் வௌவாலுக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. குகைக்கென்றே தனிச் சட்டம் நம்மிடம் கிடையாது. பழந்தின்னி வௌவாலை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தோம். அமெரிக்காவில் 1988-இலேயே மத்திய அரசு நிலத்துக் குகைகளுக்கென ஒரு சட்டம் போட்டார்கள். கூரையில் தொங்கும் கல்விழுதை ஒடிப்பதும் அங்கே குற்றம். முக்கியமான குகை எங்கே இருக்கிறது என்பதையே வெளியில் சொல்லாமல் வைக்கலாம். நானோ இங்கே ஆட்டோவுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

இதே மலையில் முதலாம் இராசராசனின் 8-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. இலாடராயன் வீரசோழன் என்ற சிற்றரசன், தன் தேவி கேட்டுக்கொண்டதால், இந்தச் சமணப் பள்ளிக்கு, அதாவது கோயிலுக்கு, சேர வேண்டிய கற்பூரவிலை என்ற வரியைத் திருப்பிக் கொடுத்த செய்தி. சுனையையும் வௌவாலையும் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ, பள்ளியை மட்டும் மறக்கவில்லை.

குகைக்குள் வௌவால் எச்சத்தின் காரமான நெடி. கண் பழகியபின் சுனை தெரிந்தது. நடுவில் ஒரு சிப்ஸ் பாக்கெட் மிதந்தது. குடையின் வளைந்த பிடியை நீட்டி மெல்ல இழுத்தேன். தலைக்கு மேல் படபடவென்று கலைந்து, மறுபடி அடங்கின.