நாலாஞ் சுற்றுக்கு மிச்சம்

எங்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரிடம் கோடு போட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. மாலைப் பயிற்சியில் நாங்கள் மைதானத்தை நான்கு தடவை சுற்றி ஓடி முடித்ததும், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்த நேரத்தை நான்கு கட்டங்களில் எழுதுவார். மூன்றாவது சுற்றைவிட நான்காவதை விரைவாக ஓடியவரின் கடைசிக் கட்டத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். ஐந்து ஆண்டுகள் அவரிடம் பயிற்சி பெற்றும் என் பெயருக்கு நேரே அந்த வட்டம் ஒருநாளும் விழவில்லை. முதலாவது சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஓடி, மூன்றாவதில் மூச்சு வாங்கி, நான்காவதை நடையும் ஓட்டமுமாக முடிப்பதே என் வழக்கம். "முதல் சுற்று எல்லாரும் ஓடுவினம் தம்பி. நாலாஞ் சுற்றுக்கு நீர் என்ன மிச்சம் வைச்சிருக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

சென்ற ஆண்டு, ஐம்பதை நெருங்கும் வயதில், முழுத்தூர ட்ரையத்லன் போட்டியொன்றை 13 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். 3.8 கிலோமீற்றர் கடலில் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, அதன்பின் 42.2 கிலோமீற்றர் மரதன் ஓட்டத்தை ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது. இந்த மூன்று தூரங்களும் எவரும் அமர்ந்து கணக்கிட்டு வகுத்தவை அல்ல. நீச்சல்காரரா, ஓட்டக்காரரா, சைக்கிள் வீரரா உடல்வலுவில் மேம்பட்டவர் என்ற விவாதத்தைத் தீர்ப்பதற்காக, ஹவாயில் வாழ்ந்த கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் ஓவாகு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளின் தூரங்களை, சைக்கிள் தூரத்தை மட்டும் சற்றுக் குறைத்து, ஒரே நாளுக்குள் கோத்தார்கள். 1978 பெப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி பிடித்தது.

பயிற்சிக்கு எட்டு மாதங்களை ஒதுக்கினேன். வாரத்திற்குப் பத்து மணித்தியாலத்தில் தொடங்கி, உச்ச வாரங்களில் பதினான்கு வரை சென்றது. வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு இது எளிதன்று. விடியலுக்கு முன் நீச்சல், சனிக்கிழமை நீண்ட சைக்கிள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று வாரம் முழுவதும் கட்டுப்பட்டுவிடும். அந்த எட்டு மாதங்களில் குடும்பத்தார் எனக்காக விட்டுக்கொடுத்த வார இறுதிகளுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். பயிற்சிகளுள் எனக்கு மிகுந்த பயன் தந்தது, சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் இடைவெளியின்றி ஓடிப் பழகுவது. பல மணி நேரம் வட்டமாகச் சுழன்ற கால்கள் தரையை மிதிக்கும்போது, அவை வேறொருவருடைய கால்களோ என்று தோன்றும். பழகப் பழக அந்தக் கனம் சீக்கிரம் விலகும்.

போட்டி நாளன்று கடல் அமைதியாக இருந்தது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை தலையைச் சற்று உயர்த்தி மிதவையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் திசை மாறி வீண்தூரம் நீந்த நேரிடும் என்பதால், அதிலேயே கவனம் வைத்து 1 மணி 24 நிமிடத்தில் கரையேறினேன். நீச்சலைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

சைக்கிளில்தான் ஆசிரியரின் கேள்வி முதன்முதலாக நினைவுக்கு வந்தது. அறுபதாவது கிலோமீற்றரை அண்மித்தபோது என் வயதை ஒத்த சிலர் என்னைக் கடந்து சென்றார்கள். கால்களில் களைப்பில்லை, சாலை சமதரை, அவர்களைத் துரத்திப் பிடிக்கலாம் என்று உள்ளம் உந்தியது. ஆனால் சமதரையில் சைக்கிளோட்டிக்கு முதல் எதிரி காற்றுத்தான். வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும் என்பதால், சிறிதளவு வேகத்தைக் கூட்டுவதற்கும் உடல் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். முன்செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றிலிருந்து தப்பவும் இயலாது. எங்கள் போட்டியில் 12 மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பது விதி, மீறினால் தண்டனை நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்தேன். பயிற்சியில் வகுத்துக்கொண்ட எல்லையைத் தாண்டாமல், அவர்களைப் போக விட்டேன். பதினாறு வயதில் என்னால் செய்ய முடியாமற்போன காரியம் அது.

உடலில் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாச்சத்து ஏறத்தாழ 2000 கலோரி அளவே. கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக அது தீர்ந்துவிடும். கொழுப்பிலிருந்து வரும் சக்தி வற்றாததாயினும் மெதுவாகவே வரும். வேகம் கூடக்கூட உடல் மாச்சத்தையே அதிகமாக எரிக்கும். எனவே பதின்மூன்று மணி நேரம் இயங்க வேண்டியவர் வேகத்தை அடக்கவும் வேண்டும், மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாச்சத்தைத் தொடர்ந்து உட்கொள்ளவும் வேண்டும். 1982 பெப்ரவரியில் ஹவாயில் பெண்களுக்கான போட்டியில் முன்னணியில் இருந்த ஜூலி மொஸ், முடிவுக்கோட்டுக்குச் சில மீற்றர் தூரத்தில் கால்கள் மடங்கி விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து வெற்றிபெற, அவர் தவழ்ந்து வந்து இரண்டாவதாக முடித்தார். அந்தக் காட்சியை மனவலிமையின் அடையாளமாகப் பலரும் போற்றுவது நியாயமே, நானும் போற்றுகிறேன். எனினும் பயிற்சி தொடங்கிய பிறகு அதை மீண்டும் பார்த்தபோது, எரிபொருள் தீர்ந்த ஓர் உடலையே அதில் முதலில் கண்டேன். துணிச்சலைப் பற்றி இளையவர்களிடம் பேசுவோர், உணவைப் பற்றியும் நிதானத்தைப் பற்றியும் அதே அழுத்தத்துடன் பேசவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு அறிந்திருந்தும் நான் தவறினேன். நூற்றுப்பத்தாவது கிலோமீற்றரில் கரடுமுரடான பகுதியைக் கடக்கையில், மாச்சத்துப் பானம் நிரப்பிய போத்தல் தெறித்து விழுந்தது. நின்று எடுக்காமல் விட்டதனால் குறைந்த சக்தியை ஈடுசெய்ய, அடுத்த ஒரு மணி நேரத்தில் மாச்சத்துச் செறிந்த கூழான ஜெல் பொதிகளை அடுத்தடுத்து, போதிய தண்ணீரின்றி விழுங்கினேன். உழைக்கும் தசைகளுக்கும் தோலுக்கும் இரத்தம் திருப்பப்படும்போது வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்துவிடும். அந்நிலையில் செறிவான இனிப்பு இரைப்பையிலேயே தேங்கிக் குமட்டும். உடனே ஒன்றும் தெரியவில்லை. 6 மணி 52 நிமிடத்தில் சைக்கிளை முடித்து, காலணி மாற்றி, நல்ல நம்பிக்கையுடன் ஓடப் புறப்பட்டேன்.

ஓட்டப்பாதை, ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தரைக் கிலோமீற்றர் கொண்ட நான்கு சுற்றுக்களாக அமைந்திருந்தது. போட்டியின் விபரக்கொத்தில் அதைப் படித்த நாளில் நான் சிறிது நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். முதலிரண்டு சுற்றும் எண்ணியபடியே கழிந்தன. இருபத்துநான்காவது கிலோமீற்றரில் வயிறு முற்றாக மறுத்துவிட்டது. ஜெல்லின் வாடையே குமட்டியது. ஓடினால் வாந்தி வரும், உண்ணாவிட்டால் கால்கள் நிற்கும். பாதையோரம் குனிந்து நின்ற அந்த நிமிடத்தில், பாதியில் விலகுவது பற்றி உண்மையாகவே எண்ணினேன்.

நீர் வழங்கும் நிலையத்தில் நின்ற இளம் தொண்டர் ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையும் நீட்டாமல், "நடவுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்றும் சாப்பிட வேண்டாம், தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் குடியுங்கள்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். நான்கு கிலோமீற்றர் நடந்தேன். துடிப்பு தணியத் தணிய வயிறும் இளகியது. அடுத்த நிலையத்தில் ஒரு வாய் கோலாவும் சிறிது உப்பும், அதற்கடுத்ததில் இரண்டு வாய் என்று ஏற்றுக்கொண்டது. நான் ஓடிக் கடந்துவந்த பலர் இப்போது என்னைக் கடந்து சென்றார்கள். அவர்களில் ஒருவர்கூட என் தோளைத் தொடாமலோ ஒரு சொல் சொல்லாமலோ போகவில்லை.

நான்காவது சுற்றைத் தொடங்கும்போது இருட்டிவிட்டது. விளக்குக் கம்பங்களை எண்ணி, இரண்டு கம்பத்துக்கு ஓட்டம், ஒரு கம்பத்துக்கு நடை என்று பிடித்தேன். பின்னர் நடையை விட்டுவிட்டேன். நெஞ்சிலும் கால்களிலும் இன்னும் ஏதோ இருந்தது. அது சைக்கிளில் அறுபதாவது கிலோமீற்றரில் நான் செலவிடாமல் விட்டது என்றே இன்றும் நம்புகிறேன்.

நள்ளிரவில் அறைக்குத் திரும்பியபின், உறக்கம் வராமல், கடிகாரத்தில் பதிவாகியிருந்த சுற்று நேரங்களை ஒரு தாளில் நான்கு கட்டங்கள் கீறி எழுதினேன். 1 மணி 10. 1 மணி 12. 1 மணி 27. 1 மணி 17. எங்கள் ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அறையில் சிவப்புப் பேனை இருக்கவில்லை. நீல நிறத்திலேயே கடைசிக் கட்டத்தை வட்டமிட்டேன்.