தம்பிரானைத் தேடி

2025 மே 19, திங்கள், தங்கச்சிமடம்

தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. அப்பா வாசலில் வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார், நான் திண்ணையில் ஆய்வேட்டுக் குறிப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன். என் கேள்வி அம்மாச்சியிடமிருந்து வந்தது. கோவிலில் எல்லாரும் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று சொல்லும்போது அவர் மட்டும் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பழைய ஜெபத்தையே சொல்வார். இந்தக் கடற்கரையில் கடவுளை என்னென்ன பெயரில் கூப்பிட்டார்கள், அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

மே 21, புதன், மதுரை

காலை ரயிலில் வந்து ஒரு இறையியல் நூலகத்துக்குப் போனேன். அறிமுகக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிக்குப் போன் போட்டு, கடிதம் மெயிலில் வந்து, உள்ளே போகும்போது மணி மூன்று. நூலகம் ஐந்துக்கு மூடிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த விதியை முன்கூட்டியே எங்காவது எழுதி வைக்கலாம், அரை நாள் போனது வருத்தமாகவே இருக்கிறது.

மே 22, வியாழன்

கணினிப் பட்டியலில் தம்பிரான் வணக்கம் என்ற பழைய கிறிஸ்தவப் போதனை நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் நாம் சாதாரணமாக எழுதுகிற மாதிரி t, h, a, m, b என்று அடித்தால் ஒன்றுமே வரவில்லை. நூலகர் அக்கா பக்கத்தில் வந்து, "h-ஐ எடுத்துட்டு, b-க்குப் பதிலா p போட்டுப் பாருங்க" என்றார். உடனே வந்தது. பெரிய நூலகங்கள் தமிழ் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிற முறையில்தான் தலைப்பை ஏற்றுகிறார்கள், உச்சரிப்பை வைத்து அல்ல. இது தெரியாமல் எத்தனை மாதம் "புத்தகமே இல்லை" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

1578-ல் கொல்லத்தில் அச்சான நூல் அது, மொத்தம் 16 பக்கம். மூலப் படி ஒன்று ஹார்வர்டில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது 1960களில் தூத்துக்குடியில் வந்த மறுபதிப்பு. அதிலிருக்கும் பழைய பக்கத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. "தமபிரான வணககம". ஆசிரியரான போர்த்துகீசிய சேசு சபைப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அதில் "அண்டிறிக்கிப் பாதிரியார்" ஆகியிருக்கிறார், நம் ஆட்கள் வாயில் அந்தப் பெயர் எப்படி விழுந்ததோ அப்படியே.

மே 23, வெள்ளி

இன்று 230 அலமாரியை விட்டு 294.5-க்குப் போனேன். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூவி எண்ணில் முன்னது கிறிஸ்தவ இறையியல், பின்னது இந்து சமயம். நடுவே நாலைந்து அலமாரி தூரம். ஆனால் என் ஆய்வின் பாதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுந்தரரைத் "தம்பிரான் தோழர்" என்றுதானே சைவர்கள் சொல்கிறார்கள்? அந்தச் சொல்லைத்தான் அண்டிறிக்கிப் பாதிரியார் கடவுளுக்கு எடுத்திருக்கிறார். பிறகு கத்தோலிக்கர்களிடம் சர்வேசுரன் நிலைத்தது. 18-ம் நூற்றாண்டு ஜெர்மன் பாதிரியார் பப்ரிசியஸ் தன் வேதாகம மொழிபெயர்ப்பில் பராபரன் என்று வைத்தார். 1871-ல் வந்த வேதாகமத்தில் தேவன், 1995 திருவிவிலியத்தில் கடவுள். பராபரன் என்று எழுதும்போதே எனக்கு ராமநாதபுரம் லட்சுமிபுரம் ஞாபகம் வந்துவிட்டது. பராபரக்கண்ணி 389-ம் பாடிய தாயுமானவர் அடங்கிய இடம் அது, பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று அவசரப்பட்டு எழுத மாட்டேன். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் கிறிஸ்தவத்துக்கு முன்பே இங்கே கும்பிட்டுப் பழகிய சொற்கள், இறையியல் மாணவர்கள் ஒரே அலமாரியில் நின்றுவிட்டால் இது கண்ணிலேயே படாது.

மே 24, சனி

டாக்குமெண்டா இண்டிகா. சேசு சபையாரின் கடிதங்கள், ஜோசப் விக்கி பதிப்பித்தவை, 18 தொகுதி. உள்ளே போர்த்துகீசும் லத்தீனும் நிறைந்திருக்கும், எனக்கு இரண்டும் அரைகுறை. அதனால் கடைசியில் இருக்கும் பெயரடைவைத்தான் முதலில் பிடித்தேன். வேதாளை என்று தேடினால் இல்லை. "பெயாதாலா" என்று இருக்கிறது! மண்டபத்துக்குப் பக்கத்து ஊர், 1549-ல் சேசு சபைப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்ட இடம். நம் ஊரைக் கண்டுபிடிக்க அடுத்தவன் காதில் அது எப்படிக் கேட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல் கிடைக்கிறதோ அத்தனையும். இனி எந்த நூலகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் திறப்பேன். செண்பகனூர் சேசு சபைக் காப்பகத்துக்கு இந்தத் தடவை போகும் முன்பே கடிதம் எழுதிவிட வேண்டும்.

மே 25, ஞாயிறு, தங்கச்சிமடம்

பூசை முடிந்து வந்து அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை அம்மாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வைத்து, "த... ம... பி... ரா..." என்று கூட்டினார். புள்ளி இல்லாதது ஒரு நிமிடம் தடுக்கியது. அப்புறம் சட்டென்று "தம்பிரான்" என்றார்.

"சாமியத்தானே சொல்லுது, தாயி?"

"ஆமா அம்மாச்சி."

"அப்ப இதையும் எழுதிக் குடு, பெரிய எழுத்தா."

நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பெரிதாக, புள்ளி வைத்து எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.