சிவப்பு விளக்கில் அடிக்கும் ஹாரன்

சென்னை வடபழனி சிக்னலில் காதைப் பிளக்கும் இரைச்சல் எழுவது வண்டிகள் ஓடும்போது அல்ல, நிற்கும்போதுதான். நூறடிச் சாலையும் ஆற்காடு சாலையும் சந்திக்கும் அந்த இடத்தில், குறுக்கே போகும் வண்டிகள் குறையத் தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து முதல் ஹாரன் கிளம்பும். விளக்கு சிவப்பிலேயே இருக்கும், முன்னால் நிற்பவர் நகரவும் வழியிருக்காது, ஆனாலும் அடுத்தவர், அதற்கடுத்தவர் என எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். தலைக்கு மேலே மேம்பாலம், அதற்கும் மேலே மெட்ரோ பாதை என்பதால், திறந்த வெளியில் கரைந்துவிடக்கூடிய ஒலி இங்கே கான்கிரீட்டில் மோதித் திரும்பக் கீழேயே விழுகிறது. சாலையோரம் பூ விற்கும் அம்மா அந்த நேரத்தில் வாய் திறப்பதே இல்லை. முழம் என்ன விலை என்று கேட்டால் விரல்களைக் காட்டுகிறார்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை வணிகப் பகுதியில் 65 டெசிபலும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபலும்தான் வரம்பு. இரவில் அவை முறையே 55, 45 ஆகக் குறைகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது என்பதால், 65 இருக்க வேண்டிய இடத்தில் 75 பதிவாவதைச் சற்றே கூடுதல் என்று ஒதுக்கிவிட முடியாது. தவிர, இந்த வரம்புகள் யாவும் நீண்ட நேரத்துக்கான சராசரிகள். நள்ளிரவில் ஒரு லாரியின் ஏர் ஹாரன் வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளை எல்லாம் எழுப்பிவிட்டுப் போனாலும், இரவு முழுவதற்குமான சராசரியில் அது பெரிதாகத் தெரியாது. தூக்கம் கெட்டது கெட்டதுதான்.

மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை 2020 ஜனவரியில் வெளியிட்ட ஒரு காணொளி பலருக்கு நினைவிருக்கலாம். சிக்னல் கம்பத்தில் ஒலிமானியைப் பொருத்தி, இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி செய்திருந்தார்கள். ஹாரனைத் தொடாமல் நின்றவரும் சேர்ந்து தண்டனை அனுபவிக்க வேண்டியிருப்பதால் அதை நிரந்தர ஏற்பாடாக என்னால் ஏற்க முடியவில்லை. என்றாலும், காத்திருக்கும் பொறுமையின்மைதான் ஹாரனாக ஒலிக்கிறது என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். 'ஒலி எழுப்பாதீர்' என்று பலகை நட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

தேவையின்றி ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாயும் அடுத்தடுத்த முறைகளில் 2,000 ரூபாயும் அபராதம். ஆனால் நூறு வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் சந்திப்பில் எந்த வண்டியிலிருந்து ஒலி வந்தது என்று ஒரு காவலர் எப்படிச் சொல்வார்? அதைவிட எளிதாகப் பிடிபடக்கூடியவை பல குரலில் அலறும் ஹாரனும் குடைந்தெடுத்த சைலன்சரும். அவை கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள்கள், விதிகளும் அவற்றைத் தடைசெய்கின்றன. எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சோதனைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு, சான்றிதழ் கைக்கு வந்ததும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். ஆகவே சோதனை நடக்க வேண்டியது பேருந்து நிலைய வாசலிலும், இவற்றைப் பகிரங்கமாக அடுக்கி வைத்து விற்கும் உதிரிபாகக் கடைகளிலும்தான். மின்சாரப் பேருந்துகள் பெருகினால் என்ஜின் உறுமல் குறையும், மறுக்கவில்லை. ஹாரன் பொத்தான் அவற்றிலும் இருக்கிறது.

நாம் சில நிமிடங்களில் அந்தச் சந்திப்பைக் கடந்துவிடுகிறோம், போக்குவரத்துக் காவலரோ பணிநேரம் முழுவதும் அதன் நடுவிலேயே நிற்கிறார். அவருக்கு ஆண்டுக்கொரு முறை செவித்திறன் பரிசோதனையும், விசில் சத்தமும் பேச்சும் கேட்கும்படியான காதடைப்பானும் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.